கையெழுத்து போடுற கை

(எபிசோடோட பேச்சைக் கொஞ்சம் திருத்தி எழுத்து வடிவத்துல போட்டிருக்கோம். குழந்தைகள் மேல நடக்குற வன்முறை பத்தின பேச்சு இது. பக்கத்துல சின்னப் பசங்க இருந்தா அப்புறமா படிங்க.)

வழக்கமா இங்க டெக், வேலை, வடசென்னை இந்த மூணுல ஏதாவது ஒண்ணைப் பத்திப் பேசுவேன். இன்னைக்குப் பேசப்போறது கொஞ்சம் கனமான விஷயம். ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன்.

முதல்லயே சொல்லிடுறேன். நான் டாக்டர் இல்ல, வக்கீலும் இல்ல. இன்ஜினியரிங் முடிச்சுட்டு ஓஎம்ஆர்ல கோட் எழுதிட்டு இருக்கேன். திருவொற்றியூர்ல பொறந்து வளர்ந்தவன். ஒரு கேள்வி மண்டைக்குள்ள புகுந்துடுச்சு, அதுக்காக சட்டத்தை எடுத்து உக்காந்து படிச்சேன். படிச்சதைத்தான் உங்ககிட்ட சொல்றேன்.

கேள்வி எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லிடுறேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி. எங்க பக்கத்து வீட்டுல ஒரு பையன், ஆறு வயசு. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். அவங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர்தான். ராத்திரி அவங்க அப்பா வந்ததும் கதவு சாத்துற சத்தம் கேக்கும். அப்புறம் அடிக்கிற சத்தம் கேக்கும். எங்கம்மா டிவி சவுண்டை ஏத்திடுவாங்க. நான் ஹெட்போன் மாட்டிடுவேன். ஏறக்குறைய எட்டு மாசம் இப்படித்தான் போச்சு.

ஒரு ராத்திரி அந்தப் பையனோட ஆயா வந்து கதவைத் தட்டுனாங்க. "தம்பி, புள்ள கண்ணைத் தொறக்க மாட்டேங்குதுப்பா. வண்டி எதனா பாரு"ன்னாங்க. ஆட்டோ புடிச்சு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பையன் என் மடியில. ட்யூட்டி டாக்டர், "எப்படி அடிபட்டுச்சு?"ன்னு கேட்டாரு. ஆயா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான்தான் பதில் சொன்னேன்: "கட்டில்ல இருந்து விழுந்துட்டான் சார்."

ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே விளங்கல.

ஸ்கேன்ல தலைக்குள்ள ரத்தக்கசிவு. உடனே ஆபரேஷன் பண்ணணும், அப்பாவோ அம்மாவோ கையெழுத்து போடணும்னாங்க. அம்மா ஊர்ல இல்ல. மூணு மணி வாக்குல அப்பா வந்தாரு. நர்ஸம்மா பேனா குடுத்தாங்க. அவர் கை நடுங்குச்சு. அழுதுக்கிட்டேதான் கையெழுத்து போட்டாரு. அது நடிப்பு இல்ல, நிஜ அழுகை.

அவர் தலைக்கு மேல சுவத்துல ஒரு போஸ்டர். உறுப்பு தானம் செய்வோம், உயிர் காப்போம். என் பர்ஸ்ல டோனர் கார்டு இருக்கு, காலேஜ் படிக்கும்போது எடுத்தது. அந்த போஸ்டரைப் பார்த்ததும் ஒரு நினைப்பு வந்துச்சு. இந்தப் பையன் மூளைச்சாவு அடைஞ்சா, உறுப்புகளைக் குடுக்கலாமான்னு யார்கிட்ட கேப்பாங்க? இதே ஆள்கிட்டதானே? இதே பேனா, இதே கைதானே?

பையன் பொழைச்சுட்டான். அதை இப்பவே சொல்லிடுறேன், கடைசி வரைக்கும் உங்களைத் தவிக்க விட வேணாம். ஆனா கேள்வி என்னை விட்டுப் போகல.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவுல மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994ல வந்துச்சு, 2011ல திருத்துனாங்க, அதுக்கான விதிகள் 2014ல வந்துச்சு. மூளைத்தண்டு செயலிழந்ததை ஒரு டாக்டர் மட்டும் அறிவிக்க முடியாது. நாலு பேர் கொண்ட மருத்துவக் குழு பரிசோதிக்கணும். ஒரு தடவை பார்த்துட்டு, குறைஞ்சது 6 மணி நேரம் கழிச்சு மறுபடி பார்க்கணும். ரெண்டு தடவையும் ஒரே முடிவு வந்தாத்தான் சட்டப்படி இறப்பு.

18 வயசுக்குக் கீழ இருந்தா யார் சம்மதம் தரணும்? சட்டத்தோட 3ஆம் பிரிவு, 7ஆவது உட்பிரிவு. பெற்றோர்ல யாராவது ஒருத்தர் அனுமதி தரலாம். அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போடணும்னு இல்ல, ஒருத்தர் போதும். 2014 விதிகள்ல வர்ற எட்டாம் நம்பர் படிவத்துல ஒரு குறிப்பு இருக்கு. பெற்றோர்ல ஒருத்தர் கையெழுத்து போடலாம், இல்லன்னா அந்தப் பெற்றோர் அங்கீகரிச்ச நெருங்கிய உறவினர் போடலாம்.

இதைக் கவனிங்க. 2011 திருத்தத்துக்கு அப்புறம் தாத்தா, பாட்டியும் சட்டப்படி நெருங்கிய உறவினர். அந்த ஆயா உயிரோட இருக்கும்போது பேரனுக்குத் தன் கிட்னியைக் குடுக்கலாம். ஆனா பேரன் இறந்துட்டா, அவனுக்காக அவங்க கையெழுத்து போடணும்னா பெத்தவங்க அனுமதி வேணும்.

எங்க வேலையில எட்ஜ் கேஸ்னு ஒரு வார்த்தை இருக்கு. நூத்துல தொண்ணூத்தொன்பது தடவை கோட் ஒழுங்கா ஓடும். மிச்சம் ஒரு தடவைக்கு யாரும் எதுவும் எழுதி வச்சிருக்க மாட்டாங்க, அங்கதான் உடையும். அந்தப் பெற்றோர் மேலயே சந்தேகம் இருந்தா என்ன பண்றது? இந்தப் பிரிவு அதைப் பத்தி வாயே தொறக்கல.

சட்டம் எழுதுனவங்களைக் குறை சொல்ல வரல. அவங்க மனசுல இருந்த பெற்றோர் யாருன்னு நமக்குத் தெரியும். தமிழ்நாட்டுல 2008 செப்டம்பரை யாரும் மறந்திருக்க மாட்டாங்க. திருக்கழுக்குன்றத்துப் பையன் ஹிதேந்திரன், 15 வயசு, பைக் விபத்து, மூளைச்சாவு. அப்பா அம்மா ரெண்டு பேருமே டாக்டர்கள். பையனோட உறுப்புகளைக் குடுத்தாங்க. தேனாம்பேட்டையில இருந்து முகப்பேர் வரைக்கும் ட்ராஃபிக்கை நிறுத்தி, போலீஸ் துணையோட அந்த இதயம் போச்சு. ஒரு 9 வயசுப் பொண்ணுக்கு அதைப் பொருத்துனாங்க. நான் அப்போ ஸ்கூல் பையன், எங்க வீட்டுல எல்லாரும் டிவி முன்னாடி அழுதோம். தமிழ்நாட்டோட உறுப்பு தானக் கதையே அங்க இருந்துதான் வேகம் எடுத்துச்சு. 2023 செப்டம்பர்ல இருந்து, உறுப்பு தானம் பண்றவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச்சடங்கு நடக்குது.

அந்தப் பெற்றோர் மாதிரி ஆட்களை நினைச்சுத்தான் "பெற்றோர்ல ஒருத்தர்"னு சட்டம் சொல்லுது. பிள்ளைக்காகப் பேச அவங்களை விட உரிமை யாருக்கு இருக்கு? பெரும்பாலான நேரம் அது சரிதான்.

குற்றத்துல இறந்த குழந்தைன்னாலும் அது சரியாப் போகலாம். 2022ல நொய்டாவுல ஒரு 6 வயசுப் பொண்ணை யாரோ தலையில சுட்டுட்டாங்க. டெல்லி எய்ம்ஸ்ல மூளைச்சாவுன்னு சொன்னாங்க. பெத்தவங்க கல்லீரல், கிட்னி, கருவிழி, இதய வால்வுன்னு குடுத்தாங்க. கொலைக் கேஸ்தான், ஆனா தானம் நடந்துச்சு. ஏன்னா சுட்டவங்க வேற, கையெழுத்து போட்டவங்க வேற.

இப்ப இன்னொரு கேஸைப் பாருங்க. 2019 மார்ச், கேரளா, தொடுபுழா. 7 வயசுப் பையன். அப்பா முந்தின வருஷமே இறந்துட்டாரு. அம்மாவோட இருந்த ஆள் அந்தப் பையனை அடிச்சதுல மண்டை உடைஞ்சு, மூளை செயலிழந்து, வென்டிலேட்டர்ல இருந்தான். ஏப்ரல் 6 இறந்துட்டான். அம்மா மேலயும் பின்னாடி வழக்கு வந்துச்சு. இப்ப அந்த எட்டாம் நம்பர் படிவத்தை மனசுல வச்சுக்கிட்டு யோசிங்க. அப்பா இல்ல. மிச்சம் இருக்குற ஒரே பெற்றோரும் வழக்குல வர்றாங்க. இந்த மாதிரி ஒரு பிள்ளைக்காக யார் பேசுவா?

"கையெழுத்துதானே, இதுல என்ன பெரிய விஷயம்"னு நினைக்கிறவங்களுக்கு எங்க ஏரியா கதை ஒண்ணு சொல்றேன்.

2004 சுனாமிக்கு அப்புறம் வடசென்னை கடலோரக் குப்பத்து ஜனங்களைக் கொண்டுபோய் எர்ணாவூர்ல தற்காலிகக் குடியிருப்புல வச்சாங்க. சுனாமி நகர்னு பேர். கடல் ஒரு பக்கம், இவங்க ஒரு பக்கம். வலை போச்சு, படகு போச்சு, தொழில் போச்சு, வட்டிக்கு வாங்குன கடன் மட்டும் போகல. 2007 ஜனவரியில செய்தி வெடிச்சுது. அந்த நகர்ல நிறையப் பெண்கள் கிட்னியை வித்திருந்தாங்க. நான் சைக்கிள் ஓட்டிட்டுத் திரிஞ்ச இடம் அது. அதுக்கு முன்னாடியே, வில்லிவாக்கத்தை ஒரு காலத்துல ஜனங்க "கிட்னிவாக்கம்"னுதான் கூப்பிட்டாங்க.

அந்தப் பெண்கள்ல பல பேர் ஃபார்ம்ல சொந்தமாத்தான் கையெழுத்து போட்டிருக்காங்க. பேப்பர்ல பார்த்தா அது தானம். 2001ல சென்னையில கிட்னி வித்த 305 பேரைப் பார்த்து ஒரு ஆய்வு பண்ணி, அடுத்த வருஷம் அமெரிக்க மருத்துவ இதழ் ஒண்ணுல போட்டாங்க. 96 சதவீதம் பேர் கடன் அடைக்கத்தான் வித்தாங்க. 79 சதவீதம் பேர், இதே முடிவை வேற யாருக்கும் சொல்ல மாட்டோம்னாங்க. கையெழுத்து இருந்துச்சு, சம்மதம் எங்க இருந்துச்சு?

இதெல்லாம் பெரியவங்க கதை. குழந்தைன்னு வந்தா கையெழுத்து இன்னும் ஆபத்து. உயிரோட இருக்குற ஒரு குழந்தைகிட்ட இருந்து உறுப்பு எடுக்குறதை நம்ம சட்டம் கிட்டத்தட்ட முழுசாவே தடுக்குது. ரொம்ப அபூர்வமான மருத்துவக் காரணம் இருக்கணும், மாநில அரசோட முன் அனுமதியும் வேணும். நல்ல பூட்டு. ஆனா 2022 ஜூன்ல ஈரோட்டுல என்ன நடந்துச்சு? 16 வயசுப் பொண்ணு. அம்மாவோட துணைவன் அவளைப் பாலியல் கொடுமை பண்ணியிருக்கான். அது போதாதுன்னு, ஆதார்ல வயசை ஏத்தி, வேற பேர் போட்டு, அந்தப் பொண்ணோட கருமுட்டையைப் பல ஆஸ்பத்திரிகள்ல திரும்பத் திரும்ப வித்திருக்காங்க. அம்மா, அந்த ஆள், புரோக்கர்னு கைதானாங்க. கருமுட்டை உறுப்புக் கணக்குல வராது, அதுக்குத் தனிச் சட்டம். தானம் தர்றவங்களுக்கு வயசு 23ல இருந்து 35க்குள்ள இருக்கணும், வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான். எல்லாம் எழுதித்தான் வச்சிருக்கு. ஆனா கூட வந்தது பெத்த அம்மா. அம்மா கூட வந்துட்டா, மேல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

இதைச் சொல்றது பெற்றோரை எல்லாம் சந்தேகப்படணும்னு இல்ல. பெற்றோர்ங்கிற ஒரே ஒரு தூணு மேல மொத்த பாதுகாப்பையும் கட்டி வச்சிருக்கோம். அந்தத் தூணே சரிஞ்சா புடிச்சுக்க ரெண்டாவது தூண் இல்ல.

இப்ப அடுத்த சிக்கலுக்கு வருவோம். கொடுமையால இறந்த குழந்தையோட உடம்பு ஒரு சாட்சி. அந்தக் குழந்தை வாயால சொல்ல முடியாததை எல்லாம் அந்த உடம்புதான் சொல்லும்.

அதனால சட்டத்துல ஒரு வேகத்தடை இருக்கு. மரண விசாரணை தேவைப்படலாம்னு நம்பக் காரணம் இருந்தா உறுப்பு எடுக்க அனுமதி தரக்கூடாதுன்னு 4ஆம் பிரிவு சொல்லுது. அதே நேரம், விபத்துலயோ இயற்கைக்கு மாறாவோ இறந்து பிரேதப் பரிசோதனைக்குப் போற உடம்புல, பரிசோதனைக்குத் தேவைப்படாத உறுப்பா இருந்தா எடுக்க அனுமதிக்கலாம்னு 6ஆம் பிரிவு சொல்லுது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரி இடிச்சு மூளைச்சாவு ஆகுறவங்களும் எம்.எல்.சி. கேஸ்தான். அவங்ககிட்ட இருந்து தானம் நடக்க இந்த வழி இல்லன்னா முடியாது.

2014 விதிகள்ல 6ஆவது விதி இதை எப்படிப் பண்றதுன்னு சொல்லுது. ஆஸ்பத்திரி போலீஸுக்கு எழுதணும், அதோட நகல் பிரேதப் பரிசோதனை டாக்டருக்கும் போகணும். உறுப்பு எடுக்குறதால இறப்புக்கான காரணத்தைக் கண்டுபிடிக்கிறது கெடக்கூடாது. எடுக்குற டாக்டர் தான் பார்த்ததை எழுதித் தரணும், அது பிரேதப் பரிசோதனைக் குறிப்புல சேரணும். முடிஞ்ச வரைக்கும் பிரேதப் பரிசோதனை டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்லயே இருக்கணும், ஆபீஸ் நேரம் தாண்டுனாலும்.

கொடுமை கேஸ்ல இது எவ்வளவு முக்கியம்னு ஒரு உதாரணம். கைக்குழந்தையைப் பிடிச்சு வேகமா உலுக்குனா வெளியில ஒரு காயமும் தெரியாம போகலாம். மூளையைச் சுத்தி ரத்தம் கசிஞ்சிருக்கும், கண்ணோட விழித்திரையில ரத்தப்புள்ளிகள் இருக்கும். கண்தானம்னு கண்ணை எடுத்துட்டா அந்தச் சாட்சி போச்சு. விலா எலும்புல பழைய முறிவு, ஆறிப்போன முறிவு இருந்தா, இது ஒரு நாள் அடி இல்ல, பல மாச அடின்னு தெரியும். அடி வயித்துல விழுந்திருந்தா கல்லீரலே சாட்சி. தலையில மட்டும்னா இதயமும் கிட்னியும் பெரும்பாலும் வழக்குக்குத் தேவைப்படாது. ஆக, "குடுக்கலாமா, கூடாதா"ன்னு மொத்தமா கேக்குறது தப்பு. எந்த உறுப்பு, எந்தக் காயம், யார் பார்த்தாங்க, எழுதி வச்சாங்களா? ஒவ்வொண்ணா கேக்கணும்.

இன்னொரு பயம் இருக்கு. குற்றவாளி கோர்ட்ல, "நான் அடிச்சேன், கொல்லல. ஆஸ்பத்திரியில மிஷினை நிறுத்துனாங்க, உறுப்பை எடுத்தாங்க, அதுலதான் இறந்துச்சு"ன்னு சொன்னா? இங்கிலாந்துல பெரியவங்க சம்பந்தப்பட்ட ஒரு வழக்குல இதையே சொல்லிப் பார்த்தாங்க. 1981ல மால்செரெக் வழக்குல அந்த ஊர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏத்துக்கல. டாக்டர் முறைப்படி சிகிச்சையை நிறுத்துனதால, முதல்ல அடிச்சவனோட பொறுப்பு போயிடாதுன்னு சொல்லிட்டாங்க.

இவ்வளவு சிக்கல் இருக்கே, பேசாம தடை போட்டுட்டா என்ன? ஒரு நாடு அதைத்தான் பண்ணுச்சு. ஜப்பான்.

ஜப்பான்ல 1997ல உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தப்ப 15 வயசுக்குக் கீழ மூளைச்சாவு தானமே கிடையாது. இதயம் வேணும்னு குழந்தையைத் தூக்கிட்டு அமெரிக்கா போனாங்க. 2009ல சட்டத்தைத் திருத்தி, 2010 ஜூலையில இருந்து குடும்பத்தோட சம்மதம் போதும்னாங்க. கூடவே ஒண்ணு சேர்த்தாங்க: கொடுமையால இறந்த குழந்தையோட உறுப்பை எடுக்கக்கூடாது. 18 வயசுக்குக் கீழ உள்ள யார்கிட்ட இருந்து தானம்னாலும், கொடுமை நடந்திருக்கான்னு ஆஸ்பத்திரி முதல்ல சோதிச்சே ஆகணும். 6 வயசுக்குக் கீழ முதல் தானம் 2012 ஜூன்லதான் நடந்துச்சு.

ஜப்பான் செஞ்சதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. தானத்தைப் பேசுறதுக்கு முன்னாடி "இந்தப் பிள்ளைக்கு வீட்டுல என்ன நடந்துச்சு?"ன்னு கேக்கச் சொல்றாங்க. அந்தக் கேள்வி நம்ம எட்டாம் நம்பர் படிவத்துல இல்ல.

ஆனா முழுத் தடைக்கு ஒரு விலை இருக்கு. சந்தேகம் வந்தாலே தானம் கிடையாதுன்னா, ஆஸ்பத்திரிகள் எதுக்கு வம்புன்னு ஒதுங்கிடும். நிஜமாவே மாடிப்படியில விழுந்த பிள்ளையோட அப்பா அம்மா, துக்கத்துல நிக்கும்போது, "நாங்க அடிக்கல"ன்னு நிரூபிக்கணும். நம்ம ஊர்ல யார் மேல அந்தச் சந்தேகம் முதல்ல விழும்? காசிமேட்டுல மீன் நாத்தத்தோட வர்ற அப்பா மேலயா, கார்ல வந்து இங்கிலீஷ் பேசுற அப்பா மேலயா? பதில் உங்களுக்கே தெரியும்.

இன்னொரு பக்கம் யோசிச்சா, அந்தக் குழந்தைக்கு வாழுறப்ப யாரும் எதையும் குடுக்கல. அவனால ஒரு உயிர் பொழைக்கும்னா, அதையும் "நீ கொடுமைக்கு ஆளானவன், உனக்குக் கிடையாது"ன்னு நாமளே பறிக்கலாமா? மறுபக்கம் இருக்குறவங்க சொல்றதும் நியாயம்தான். அந்த உடம்பை எல்லாரும் இஷ்டத்துக்குப் பயன்படுத்தியாச்சு, இப்ப நாமளுமா? இந்த ரெண்டுக்கும் நடுவுல நான் பல மாசம் அல்லாடுனேன்.

என்னை ஒரு பக்கம் தள்ளுனது அமெரிக்கா கேஸ் ஒண்ணு. 2005, மாசசூசெட்ஸ். 11 வயசுப் பொண்ணு, வளர்த்தவங்க அடிச்சதுல கோமா. குழந்தை அரசோட பொறுப்புல இருந்துச்சு. உயிர்காக்கும் கருவிகளை எடுத்துடலாம்னு அரசு தரப்பு சொல்லுச்சு. எடுக்கக்கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போனது யார் தெரியுமா? அடிச்சதா குற்றம் சாட்டப்பட்ட வளர்ப்பு அப்பா. குழந்தை இறந்தா அவர் மேல கொலை வழக்கு வரும். 2006 ஜனவரியில அந்த மாநில உச்ச நீதிமன்றம், உனக்குப் பெற்றோர்னு பேச உரிமை இல்லன்னு சொல்லி, கருவியை எடுக்க அனுமதி குடுத்துச்சு. உடனேயே அந்தப் பொண்ணுகிட்ட முன்னேற்றம் தெரிய ஆரம்பிச்சுது. கருவியை எடுக்கல. அவ பொழைச்சுட்டா.

அவ மூளைச்சாவு அடையல, கோமாவுலதான் இருந்தா. ரெண்டும் வேற வேற. இங்க எனக்கு ரெண்டு பாடம் இருக்கு. ஒண்ணு, குற்றம் சாட்டப்பட்டவர் "வேணும்"னு சொன்னாலும் சரி, "வேணாம்"னு சொன்னாலும் சரி, அவர் பேச்சுல அவரோட சுயநலம் கலந்திருக்கு. ரெண்டு, அவரைத் தள்ளி வச்சுட்டு அரசு வந்தா மட்டும் எல்லாம் சரியாயிடாது. அரசுக்கும் அவசரம் இருக்கும். குழந்தைங்க மூளை விஷயத்துல அவசரம் கூடவே கூடாது. அமெரிக்காவுல 2011 வழிகாட்டுதல்படி, ரெண்டு பரிசோதனைக்கு நடுவுல பச்சைக் குழந்தைன்னா 24 மணி நேரமும், ஒரு மாசத்துக்கு மேலன்னா 12 மணி நேரமும் இடைவெளி விட்டாங்க. நம்ம சட்டத்துல இருக்குற 6 மணி நேரம் குறைஞ்சபட்சம்தான், அதுக்கு மேல காத்திருக்க யாரும் தடை போடல.

ஆக, என் நிலைப்பாடு இது. தப்பா இருந்தா மெயில் போடுங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.

முழுத் தடை வேணாம். ஆனா சந்தேகத்துல இருக்குறவர் கையில பேனாவும் குடுக்கக்கூடாது. சந்தேகம்னா தீர்ப்பு இல்ல, அவர் நிரபராதியாவும் இருக்கலாம். அதனால அவரைக் குற்றவாளின்னு சொல்ல வேணாம். இந்த ஒரு முடிவுல இருந்து மட்டும் ஒதுங்கி நிக்கச் சொல்லலாம். ஆபீஸ்ல என் கோடை நானே ரிவ்யூ பண்ணி அப்ரூவ் பண்ண முடியாது. அது என்னைத் திருடன்னு சொல்றதுக்காக இல்லையே.

அப்போ யார் போடணும்? சந்தேகத்துல இல்லாத இன்னொரு பெற்றோர். அவங்களும் இல்லன்னா தாத்தா பாட்டி, யாரோட அங்கீகாரமும் தேவைப்படாம. யாருமே இல்லன்னா மாவட்டக் குழந்தைகள் நலக் குழு மாதிரி ஒரு அமைப்பு. இளைஞர் நீதிச் சட்டம் 2015ல, கூட இருக்குறவங்களாலயே காயப்பட்ட குழந்தையைப் பாதுகாப்பு தேவைப்படுற குழந்தைன்னு சொல்லி இந்தக் குழுகிட்டதான் ஒப்படைக்குது. ஆனா அதோட அதிகாரமெல்லாம் உயிரோட இருக்குற பிள்ளையோட பராமரிப்பு, சிகிச்சை, மறுவாழ்வு பத்தினது. மூளைச்சாவு அறிவிச்ச நிமிஷம் அந்தப் பிள்ளை சட்டப்படி இறந்தவன். அதனால இதைச் சட்டத்துல தெளிவா எழுதணும். கையெழுத்து போடுற யாருக்குமே, வேணாம்னு சொல்ல முழு உரிமை இருக்கணும்.

வரிசையும் முக்கியம். முதல்ல பிள்ளையைக் காப்பாத்துறது. காப்பாத்த முடியலன்னா, அவசரப்படாம இறப்பை உறுதி பண்றது. அப்புறம் காயங்களைப் பதிவு பண்றது, போட்டோ, எக்ஸ்ரே, கண் பரிசோதனை எல்லாம். பிரேதப் பரிசோதனை டாக்டர் எது தேவை, எது தேவையில்லன்னு சொல்றது. இவ்வளவும் முடிஞ்சப்புறம்தான் தானம் பத்தின பேச்சு. காத்திருக்குற இன்னொரு குழந்தையோட அவசரம் இந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. இதைச் சொல்லக் கஷ்டமா இருக்கு. கல்லீரலுக்காகக் காத்துட்டு இருக்குற பிள்ளையோட அம்மா இதைக் கேட்டுட்டு இருக்கலாம். ஆனா வரிசை ஒழுங்கா இருந்தாத்தான் ஜனங்க நம்புவாங்க. எர்ணாவூர்ல நம்பிக்கை உடைஞ்சதைப் பார்த்தவன் நான். இன்னைக்கும் எங்க ஏரியாவுல உறுப்பு தானம்னு பேச்செடுத்தா, "கிட்னியைத் திருடிடுவாங்கப்பா"ன்னுதான் பெரியவங்க சொல்றாங்க.

கடைசியா, அந்தப் பையன்.

ரெண்டாவது நாள் சாயங்காலம் நான் அந்த டாக்டரைத் தேடிப் போனேன். கை காலெல்லாம் உதறுச்சு. "சார், அன்னைக்கு நான் சொன்னது பொய். அவன் கட்டில்ல இருந்து விழல"ன்னேன். அவர் திட்டல. "முதுகுல இருந்த பழைய தழும்பைப் பார்த்தப்பவே தெரியும் தம்பி. ஆனா சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல"ன்னாரு. ஏ.ஆர். புக்கை எடுத்து நாலு வரி எழுதுனாரு. போலீஸ் வந்தாங்க, குழந்தைகள் நலக் குழுவுல இருந்து வந்தாங்க. வழக்கு போயிட்டு இருக்கு, அதுக்கு மேல நான் பேசக்கூடாது. பையன் இப்ப ஆயா கூட வேற ஏரியாவுல இருக்கான். இடது கை கொஞ்சம் பலம் கம்மி. கேரம் நல்லா ஆடுறான், போன மாசம் என்னை ஜெயிச்சுட்டான்.

இவ்வளவு நேரம் இறந்த குழந்தைக்கு யார் கையெழுத்து போடுறதுன்னு பேசுனேன். அந்தக் கேள்வி வந்து நிக்கிற இடத்துல எல்லாம், அதுக்கு முன்னாடி ஒரு சுவர் இருந்திருக்கும், சுவருக்கு இந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கிட்ட ஒருத்தன் இருந்திருப்பான். நான் எட்டு மாசம் அப்படி இருந்தேன். 1098ன்னு ஒரு நம்பர் இருக்கு, குழந்தைகளுக்கான உதவி எண், காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம். அது எனக்கு அப்பவும் தெரியும். ஸ்கூல் நோட்டுப் பின்னட்டையில பார்த்திருக்கேன்.

டோனர் கார்டை இன்னும் பர்ஸ்லதான் வச்சிருக்கேன். 1098ஐ போன்ல சேவ் பண்ணிட்டேன். நீங்களும் இப்பவே பண்ணிடுங்க, நான் வெயிட் பண்றேன்.

பண்ணிட்டீங்களா? அடுத்த வாரம் பார்ப்போம்.